க்ருஷினியானி: சம்பளப் பாக்கிக்குக் கிடைத்த ஊர்

போலந்தில் க்ருஷினியானி என்றொரு குக்கிராமம் இருக்கிறதாமே, அங்கே முந்நூறு வருஷத்துக்கு மேலாக முஸ்லிம்கள் வாழ்கிறார்களாமே, போர்க்களத்தில் அரசர் உயிரைக் காப்பாற்றிய, துருக்கி வழிக் குதிரைவீரர்களான தாத்தார் இனத்துத் தளபதி ஒருவருக்கு அந்த ஊரையே பரிசாக எழுதிக் கொடுத்தார்களாமே, இதெல்லாம் உண்மையா, அந்த ஊர் எங்கே இருக்கிறது, இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாலைந்து கேள்வி போலத் தெரிந்தாலும் அவர் மனதில் ஓடுவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கத்தோலிக்க நாடு என்று எல்லோரும் சொல்லும் ஒரு நாட்டின் கோடியில், வயலுக்கு நடுவே ஒரு பள்ளிவாசல் எப்படி முளைத்தது? முளைத்தது எப்படி இத்தனை போர்களுக்குப் பிறகும் நிற்கிறது?

நான் படித்தது வரலாற்றுப் புவியியல். பியாவிஸ்தோக் நகரத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அங்கிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் இந்த ஊருக்குப் போய்விடலாம் என்பதால், வெயில் காலம் பனிக் காலம் என்று பார்க்காமல் பலமுறை போயிருக்கிறேன். போலிஷ் வாசிப்பேன், ரஷ்ய எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், அரபி தெரியாது. ஆகவே கல்லறைகளில் அரபியில் உள்ளதைப் பற்றி நான் சொல்வது, தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று படித்துச் சொல்லக் கேட்டது. மற்றதற்கு நானே பொறுப்பு.

முதலில் இடம். போலந்து வரைபடத்தில் வலதுபக்க ஓரமாக, பெலாரூஸ் எல்லையை ஒட்டி போட்லாஷே என்ற மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகர் பியாவிஸ்தோக். அங்கிருந்து நேர்கோட்டில் கிழக்கே சுமார் 45 கிலோமீட்டரில் க்ருஷினியானி. பக்கத்தில் இருக்கும் சிறு நகரம் க்ரின்கி, வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்த க்ரின்கியே தனியாகப் போய்ப் பார்க்க வேண்டிய ஊர். அறுகோணமான ஒரு சந்தைத் திடலிலிருந்து பன்னிரண்டு தெருக்கள் சூரியக் கதிர் மாதிரி பிரிந்து போகும். அதை விட்டுவிட்டுத் தெற்கே வந்தால் காடு, புல்வெளி, தானிய வயல், மின்கம்பத்தின் உச்சியில் நாரைக் கூடு, அப்புறம் மறுபடியும் காடு. க்ருஷினியானி ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் ஊர். இரண்டு பக்கமும் மர வீடுகள், அவற்றுக்குப் பின்னால் களஞ்சியங்கள், அதற்கும் பின்னால் நிலம். ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் நாடு முடிந்துவிடும்.

இந்த நிலத்தை உருவாக்கியது பனி. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளம் இவ்வளவு தெற்கே வரவில்லை. அதற்கு முந்தைய பனியுகத்தின் பாளம் இதன் மேல் படர்ந்து, உருகிப் பின்வாங்கியபோது மணலையும் களிமண்ணையும் பெரிய பெரிய பாறாங்கற்களையும் விட்டுவிட்டுப் போனது. அதனால்தான் இங்கே குன்றுகள் முனை மழுங்கி, மெத்தையில் போர்வை கசங்கியது போலத் தெரிகின்றன. சொகூவ்கா குன்றுகள் என்று பெயர். மண் அவ்வளவு செழிப்பானது இல்லை. கோதுமையைப் போன்ற தானியமான ரையும் உருளைக்கிழங்கும் வைக்கோலும்தான் இந்த மண்ணின் பேச்சு. ஏர் ஓட்டினால் கல் தட்டும். அந்தக் கல்லை எடுத்து வயல் ஓரத்தில் குவிப்பார்கள், வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவார்கள். இந்தக் கற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

நீரோட்டத்தையும் கவனிக்க வேண்டும். பியாவிஸ்தோக் பக்கத்து ஆறுகள் நாரெவ் வழியாக விஸ்துலாவில் சேர்கின்றன. க்ருஷினியானியின் தண்ணீரோ நியெதூபா என்ற ஓடையில் இறங்கி, ஷ்விஸ்வோச் ஆற்றில் சேர்ந்து, நேமன் ஆற்றுக்குப் போகிறது. அந்த நேமன் கரையில்தான் க்ரோட்னோ நகரம், நேர் வடக்கே சுமார் 55 கிலோமீட்டர். இன்றைக்கு க்ரோட்னோ பெலாரூஸில் இருக்கிறது, நடுவில் சர்வதேச எல்லை. ஆனால் இந்த ஊர் பிறந்த காலத்தில் தண்ணீர் போன திசையில்தான் ஊரும் பார்த்தது. வரி, வழக்கு, சந்தை எல்லாம் க்ரோட்னோவோடுதான். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு இதைப் போலந்தின் கடைக்கோடி ஊர் என்று நினைத்தால் வரலாறு புரியாது. அன்றைக்கு இது லித்துவேனியப் பெருங்கோமகம் என்ற அரசின் ஒரு பகுதி. போலந்தும் லித்துவேனியாவும் 1569 முதல் ஒரே கூட்டு அரசாக இருந்தன.

அந்த லித்துவேனியாவுக்குத் தாத்தார்கள் வந்தது க்ருஷினியானிக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னால். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில், தங்கக் கூட்டம் என்று அழைக்கப்பட்ட மங்கோலிய வழி அரசு உள்சண்டையில் சிதறியது. தோற்றுப்போன தோக்தமிஷ் கான் லித்துவேனியக் கோமகன் வித்தவுத்தாஸிடம் அடைக்கலம் புகுந்தார். அவரோடு வந்தவர்களையும் அதற்குப் பின் வந்தவர்களையும் வித்தவுத்தாஸ் தன் நாட்டில் குடியமர்த்தினார். நிலம் உண்டு, மதம் உங்கள் விருப்பம், போர் என்றால் குதிரையோடு வந்து நிற்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. 1410-ல் க்ருன்வால்ட் போரில் தாத்தார் குதிரைப்படை போலந்து, லித்துவேனியப் படைகளோடு சேர்ந்து டியூட்டானிக் வீரத்துறவிகளை எதிர்த்துப் போரிட்டது. இவர்களைத்தான் லிப்கா தாத்தார்கள் என்கிறோம். லிப்கா என்பது லித்துவேனியாவைக் குறிக்கும் பழைய துருக்கிப் பெயரிலிருந்து வந்தது.

இவர்கள் தங்கள் துருக்கி மொழியைச் சில தலைமுறைகளிலேயே விட்டுவிட்டார்கள். பெரும்பாலும் ஆண்களாக வந்த படைவீரர்கள், உள்ளூரில் பெண் எடுத்தார்கள், வீட்டில் அம்மாவின் மொழி நின்றது. பதினேழாம் நூற்றாண்டுக்குள் பேச்சு பெலாரூஸ் மொழியாகவும் போலிஷாகவும் ஆகிவிட்டது. எழுத்தை மட்டும் விடவில்லை. கிதாப் என்று அவர்கள் அழைக்கும் கையெழுத்து நூல்களில் மொழி பெலாரூஸ் அல்லது போலிஷ், எழுத்து அரபி, வலமிருந்து இடமாக. மொழியியல் ஆய்வாளர்களுக்கு இது பெரிய புதையல். அந்தக் காலத்துக் கிராமத்துப் பேச்சில் ஒரு சொல்லை எப்படி உச்சரித்தார்கள் என்பதை, ரஷ்ய, பெலாரூஸ் மொழிகளை எழுதும் சிரில் எழுத்தின் வழக்கமான எழுத்துமுறையில் மறைந்துபோவதை, இந்த அரபி எழுத்து காட்டிக்கொடுக்கிறது.

சரி, க்ருஷினியானிக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் போலந்து, லித்துவேனிய அரசு ஒன்றன்பின் ஒன்றாக வந்த போர்களில் நொடித்துப்போனது. கோசாக்குகள், ரஷ்யர்கள், சுவீடர்கள் என்று எல்லாப் பக்கமும் அடி. கஜானா காலி. படைகளுக்குச் சம்பளம் வருடக்கணக்கில் நின்றது. தாத்தார்களுக்குச் சம்பளமும் வரவில்லை, 1660-களின் கடைசியில் பள்ளிவாசல் கட்டும் உரிமை முதலான பழைய உரிமைகளிலும் கை வைத்தார்கள். 1672-ல் துருக்கி சுல்தானின் ஒட்டோமான் படை தெற்கே, இன்றைய உக்ரைனில் உள்ள போடோலியாவுக்குள் நுழைந்தபோது, அங்கே காவலுக்கு நின்ற லிப்கா தாத்தார்களில் பெரும்பகுதி அப்படியே எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஒரே மதம் என்பதால் போனார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். முந்நூறு வருஷமாக அதே மதத்தோடு இந்தப் பக்கம் நின்று போரிட்டவர்கள்தானே? சம்பளமும் மரியாதையும் ஒரே நேரத்தில் போனபோதுதான் போனார்கள். போன இடத்திலும் நினைத்தது கிடைக்கவில்லை. லிப்கா தாத்தார்கள் லித்துவேனியாவில் சிறு பிரபுக்களைப் போல வாழ்ந்து பழகியவர்கள், சுல்தானின் அதிகாரிகளுக்குக் கைகட்டி நிற்பது அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டார்கள்.

அப்போது அரசராகியிருந்தவர் யான் சோபியெஸ்கி. அரசராவதற்கு முன் அவரே படைத்தலைவர், இந்த வீரர்களை நேரில் அறிந்தவர், அவர்கள் போனதன் காரணமும் அவருக்குத் தெரியும். பழைய உரிமைகளை மீட்டுக் கொடுத்தார். சம்பளப் பாக்கியைப் பணமாகக் கொடுக்க வழியில்லை. ஆகவே அரசுக்குச் சொந்தமான பண்ணை நிலங்களிலிருந்து, போர்களால் ஆள் குறைந்து கிடந்த கிராமங்களைப் பிரித்துக் கொடுத்தார். 1679 மார்ச் 12 அன்று, நாடாளுமன்றம் க்ரோட்னோவில் கூடியிருந்த சமயத்தில், அதற்கான சாசனம் கையெழுத்தானது. க்ருஷினியானி சாமுவேல் முர்சா க்ஷெச்சோவ்ஸ்கி என்ற தளபதிக்கும் அவர் படையினருக்கும் போனது. அதே சமயத்தில் வடக்கே போஹோனிகி என்ற கிராமமும் வேறு சில தாத்தார்களுக்குக் கொடுக்கப்பட்டது. நிலம் வுவூக்கா என்ற அளவில் அளக்கப்பட்டது, லித்துவேனிய வுவூக்கா ஒன்று சுமார் 21 ஹெக்டேர். பதவிக்குத் தக்கபடி பங்கு. கூடவே பழைய நிபந்தனையும்: போருக்கு அழைத்தால் வர வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த உயிர் காத்த கதை. 1683-ல் வியன்னாவை ஒட்டோமான்கள் முற்றுகையிட்டபோது சோபியெஸ்கி போய் அதை மீட்டார். ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 7 அன்று, பார்க்கானி என்ற இடத்தில் அவருடைய முன்படை எதிர்பாராத அடி வாங்கி ஓடியது. அரசரே உயிர் தப்பியது அதிர்ஷ்டம். இது வரலாறு. அந்த நெருக்கடியில் அரசரைத் தூக்கிக் காப்பாற்றியவர் க்ஷெச்சோவ்ஸ்கி, அதற்கு நன்றியாக அரசர் ஊரைக் கொடுத்தார் என்பது ஊரில் சொல்லும் கதை. ஆண்டைப் பாருங்கள். சாசனம் 1679, பார்க்கானி 1683. கொடுத்தது முன்னால், காப்பாற்றியது பின்னால். ஆகவே உயிர் காத்ததற்குப் பரிசாக ஊர் என்பது நிச்சயமாகத் தவறு. பார்க்கானியில் க்ஷெச்சோவ்ஸ்கி அரசருக்கு உதவினார் என்பதை நான் மறுக்கவில்லை. தாத்தார்கள் அந்தப் போரில் இருந்தார்கள், மரபு அவர் பெயரை விடாமல் சொல்கிறது. நடந்திருக்கலாம், அவ்வளவுதான். பின்னால் 1688-ல் அரசர் க்ருஷினியானிக்கே வந்து தளபதி வீட்டு லிண்டன் மர நிழலில் உட்கார்ந்தார் என்று ஒரு கதையும் உண்டு. அதையும் அந்தத் தட்டிலேயே வைக்கிறேன்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பரிசு என்ற கதை அந்த மக்களைக் குறைத்துவிடுகிறது. பரிசு என்றால் ஒருவர் பெருந்தன்மையாகக் கொடுத்தது, கொடுத்தவர் மனம் மாறினால் திரும்பக் கேட்கலாம் என்ற தொனி அதில் இருக்கிறது. க்ருஷினியானி அப்படி வந்த ஊர் இல்லை. வேலை செய்தவர்களுக்கு அரசு வைத்திருந்த கடன், நிலமாகத் தீர்க்கப்பட்டது. அந்த ஊரில் பிறந்த ஒருவர் போலந்தில் தன் இடத்துக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

வியன்னா போர் பற்றி இன்னொரு செய்தி, இது பரவலாகச் சொல்லப்படுவது. எதிர்ப்படையிலும் கிரீமியத் தாத்தார்கள் இருந்தார்கள். தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது என்பதால் சோபியெஸ்கியின் தாத்தார்கள் தலைக்கவசத்தில் வைக்கோல் செருகிக்கொண்டு போரிட்டார்களாம். போட்லாஷே வயல்களில் அறுவடைக்குப் பின் கட்டிவைத்த வைக்கோலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பள்ளிவாசலுக்கு வருவோம். க்ருஷினியானியில் பள்ளிவாசல் இருப்பதாக முதல் குறிப்பு 1717-ல் கிடைக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. போலந்தில் இன்று உள்ள பள்ளிவாசல்களில் மிகப் பழையது இதுதான். முதல் முறை போனபோது நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன், ஏதோ கிராமத்துத் தேவாலயம் என்று நினைத்து. பைன் மரத்தில் கட்டி, பச்சை வண்ணம் பூசி, முகப்பில் இரண்டு சதுரக் கோபுரங்கள். இந்தப் பகுதியின் மர தேவாலயங்கள் எப்படியோ அப்படியே. கோபுரங்களின் உச்சியில் சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் பிறை. காரணம் எளிமையானது. கட்டியவர்கள் உள்ளூர் தச்சர்கள், அவர்களுக்குத் தெரிந்த தொழில் அது. கட்டச் சொன்னவர்களுக்கும் மினார் கோபுரத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. வழிபாட்டு வீடு என்றால் இந்த ஊரில் இப்படித்தான் இருக்கும் என்று இரு தரப்பும் நினைத்திருக்கிறார்கள்.

உள்ளே போக ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரைவிரிப்பில் கால் வைத்தால் மரத்தின் வாசனைதான் முதலில் வரும், பழைய பைன் பலகையும் கம்பளியும் கலந்த வாசனை. இடம் சிறியது, மொத்தக் கட்டடமே சுமார் பத்துக்குப் பதின்மூன்று மீட்டர். தெற்குச் சுவரில் தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் மிஹ்ராப் மாடம், பக்கத்தில் படிகளோடு மரத்தில் செய்த மிம்பர் மேடை. போலந்திலிருந்து மக்கா தெற்கே, சற்றுக் கிழக்காக. பெண்கள் பகுதியைப் பிரிக்கும் சுவரில் நீளமாக ஒரு திறப்பு, அதில் மெல்லிய திரை. சுவர் முழுக்க முஹிர் என்று அவர்கள் சொல்லும் சட்டமிட்ட படங்கள்: குர்ஆன் வசனங்கள், மக்கா, மதீனா, சில அச்சிட்டவை, சில துணியில் கையால் தைத்தவை. ஒன்றில் தையல் நூல் ஓரிடத்தில் தீர்ந்து, சற்று வேறான பச்சையில் தொடர்ந்திருந்தது. அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் குளிர்காலச் சாயங்காலங்களில் உட்கார்ந்து தைத்திருப்பார். நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

பள்ளிவாசலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மரங்களடர்ந்த ஒரு மேட்டில் மிசார், அதாவது மையவாடி. கல் சுவர், இரும்புக் கதவு, உள்ளே பைன் மரங்களுக்கு அடியில் கல்லறைகள். முன்னால் சொன்ன பனியுகக் கற்கள் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கின்றன. தலைப்பக்கம் ஒரு பெரிய கல், கால்பக்கம் ஒரு சிறிய கல், இடையில் சின்னச் சின்னக் கற்களை வரிசையாகப் பதித்து ஓரம் கட்டியிருக்கும். தமிழ் முஸ்லிம்கள் மீஸான் கல் என்று சொல்வதுதான் இது. தெளிவாகப் படிக்க முடிகிற கல்லில் மிகப் பழையது 1699. ஊர் கைக்கு வந்த இருபதாவது வருஷம். அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவர் முதல் தலைமுறையாகத்தான் இருக்க வேண்டும்.

கற்களைக் காலவரிசையில் படித்தால் அரசியல் வரலாறு தானாகவே தெரியும். மேலே பிறையும் அரபியில் கலிமாவும் எல்லாவற்றிலும் உண்டு. கீழே இறந்தவரின் பெயர், பதவி, தேதி எழுதிய மொழிதான் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்கள் பலவற்றில் ரஷ்ய எழுத்து, ஏனென்றால் அப்போது போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. 1795-ல் அண்டை நாடுகள் மிச்சமிருந்ததையும் பங்கு போட்டுக்கொண்டன, 1807-க்குப் பின் இந்தப் பகுதி ரஷ்யப் பேரரசில் இருந்தது. இந்த வீட்டுப் பிள்ளைகள் ஜார் படையில் அதிகாரிகளானார்கள். 1918-க்குப் பிந்தைய கற்களில் போலிஷ். பெயர்களைப் பார்த்தால் இரண்டு உலகமும் ஒன்றாக நிற்கும், முதல் பெயர் முஸ்தஃபா அல்லது ஆயிஷா, குடும்பப் பெயர் ஸ்கி என்றோ விச் என்றோ முடியும்.

1918 முதல் 1939 வரையான இருபது வருஷம் லிப்கா தாத்தார்களுக்கு நல்ல காலம். போலந்து எல்லைக்குள் அப்போது சுமார் 5,500 பேர், 17 பள்ளிவாசல்கள். 1925-ல் முஸ்லிம் சமயச் சங்கம் உருவாகி, சமயத் தலைவரான முஃப்தியாக யாகூப் ஷின்கியெவிச் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1936-ல் நாடாளுமன்றம் அந்தச் சமூகத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவைத் தனிச் சட்டமாக்கியது. குதிரைப்படையில் தாத்தார் பிரிவு ஒன்று இருந்தது. 1939-ல் எல்லாம் போயிற்று. கிழக்கிலிருந்து சோவியத் படை, 1941-ல் ஜெர்மன் படை. பக்கத்து க்ரின்கியில் தோல் பதனிடும் தொழிலோடு வாழ்ந்த பெரிய யூதச் சமூகத்தை நாஜிகள் அழித்தார்கள். தாத்தார்களின் படித்த தலைமுறையில் பலரும் போரில் மடிந்தார்கள்.

போர் முடிந்து புதிய எல்லை போட்டபோது க்ரோட்னோவும், இன்றைக்கு வில்னியஸ் என்று சொல்லும் வில்னோவும் அந்தப் பக்கம் போய்விட்டன. தாத்தார் ஊர்களில் அநேகமாக எல்லாமே சோவியத் பக்கம். பழைய பள்ளிவாசல்களில் போலந்துக்குள் மிஞ்சியவை இரண்டே இரண்டு, க்ருஷினியானியும் போஹோனிகியும். 1679-ல் ஒரே சமயத்தில் கொடுத்த ஊர்கள் என்பது தற்செயல்தான், ஆனால் நினைத்தால் மனம் நெகிழும். அந்தப் பக்கம் சிக்கிய குடும்பங்களில் பல போலந்துக்கு மாறிவர விரும்பின. அவர்களை ஜெர்மனியிடமிருந்து கிடைத்த மேற்குப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள், கோஷூஃப், ஷ்செச்சின், வ்ரோத்ஸ்வாஃப் என்று ஆயிரம் ஊர்களில் சிதறினார்கள். பின்னால் பலர் பியாவிஸ்தோக்குக்கும் க்தான்ஸ்க்குக்கும் வந்து சேர்ந்தார்கள். க்தான்ஸ்கில் 1990-ல் புதிய பள்ளிவாசல் திறந்தது.

அப்படியானால் இப்போது க்ருஷினியானியில் யார் இருக்கிறார்கள்? மொத்த மக்கள்தொகை இருநூறைத் தொடாது. அதில் தாத்தார் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலோர் பெலாரூஸ் கலந்த கிராமத்துப் பேச்சு பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், அவர்களுக்கும் ஊரில் தேவாலயம் இருக்கிறது. கத்தோலிக்கர்களும் உண்டு. முஸ்லிம் கிராமம் என்று பயணக் கட்டுரைகளில் எழுதுவதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தாத்தார்கள் ஊரில் சிறுபான்மை, ஊரின் வரலாற்றில் பெரும்பான்மை. பண்டிகை நாளில் மட்டும் கணக்கு மாறும். ஈத் தொழுகைக்கு பியாவிஸ்தோக்கிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கார் காராக வருவார்கள். தொழுகை முடிந்து மிசாருக்குப் போய் முன்னோர்களுக்காக துஆ செய்வார்கள், சதோகா என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுப்பார்கள். சதக்கா என்ற சொல்தான் இங்கே வந்து அப்படி ஆகியிருக்கிறது.

நாடு முழுக்க எத்தனை தாத்தார்கள் என்பதில் ஒரு எச்சரிக்கை. 2002 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைத் தாத்தார் என்று எழுதியவர்கள் ஐந்நூறுக்கும் குறைவு. 2011-ல் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். ஒன்பது வருஷத்தில் பிள்ளை பெற்றே ஏறக்குறைய நாலு மடங்காகிவிடவில்லை. 2011-ல் இரண்டு அடையாளங்களைச் சேர்த்து எழுத அனுமதித்தார்கள். போலிஷ்காரனா தாத்தாரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போலிஷ் என்று எழுதுவார்கள், இரண்டும் என்று சொல்ல இடம் கொடுத்தால் இரண்டையும் எழுதுவார்கள். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இனம் அழிந்துகொண்டிருக்கிறது என்று எழுதுவது சரியில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊருக்கே செய்கிற துரோகம். பியெரெகாச்செவ்னிக் என்று ஒன்று. மாவைக் கண்ணாடி போல மெல்லிசாக ஆறு அடுக்குத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கிலும் கொழுப்பு தடவி, மேலே கொத்திய இறைச்சியைப் பரப்பி, பாய் போலச் சுருட்டி, அதை வட்டச் சட்டியில் நத்தை மாதிரி சுற்றி அடுப்பில் வைப்பார்கள். வெந்ததும் வெட்டினால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். பாலாடைக்கட்டியும் உலர்திராட்சையும் வைத்த இனிப்பு வகையும் உண்டு. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பாரம்பரியச் செய்முறை கொண்ட உணவாகப் பதிவு செய்தது. மொழி போனது, ஆனால் அம்மா கையிலிருந்து மகள் கைக்கு இந்த மாவு தேய்க்கும் வித்தை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஒருமுறை எனக்குச் செய்துகாட்டிய பாட்டி, மாவின் அடியில் தன் கைவிரல்களை விரித்து, விரல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடுக்குக்குப் போனார்.

அண்மைக் காலத்தில் நல்லதும் கெட்டதும் வந்தன. 2010-ல் அப்போது இளவரசராக இருந்த பிரிட்டனின் சார்லஸ் இங்கே வந்து போனார். 2012-ல் க்ருஷினியானி, போஹோனிகி இரண்டின் பள்ளிவாசல்களும் மிசார்களும் போலந்தின் வரலாற்று நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன, அந்நாட்டில் பாரம்பரியச் சின்னம் ஒன்றுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த தகுதி அது. 2014 ஜூனில் யாரோ இரவில் வந்து பள்ளிவாசல் சுவரில் பன்றி உருவம் வரைந்துவிட்டுப் போனார்கள், மிசாரிலும் கற்களைக் கறைப்படுத்தினார்கள்.

2021-ல் எல்லை மறுபடி ஊருக்குள் வந்தது. பெலாரூஸ் வழியாக மத்தியக் கிழக்கிலிருந்து வந்த அகதிகள் காட்டுக்குள் இரண்டு நாட்டுக் காவலர்களுக்கும் நடுவே சிக்கிக்கொண்டார்கள். செப்டம்பர் 2 அன்று எல்லையோரத்தில் 183 ஊர்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, க்ருஷினியானியும் அதில் ஒன்று. வெளியாட்கள் நுழையத் தடை. விருந்தினரை நம்பி வாழ்ந்த ஊரில் அடுத்த கோடை வரை யாரும் வரவில்லை. அப்புறம் 186 கிலோமீட்டருக்கு, ஐந்தரை மீட்டர் உயரத்தில் இரும்பு வேலி எழுந்தது. காட்டில் குளிரிலும் களைப்பிலும் இறந்துபோன முஸ்லிம்களைப் போஹோனிகியின் தாத்தார்கள் தங்கள் மிசாரில் அடக்கம் செய்தார்கள். சிலருக்குப் பெயர்கூடத் தெரியாது. ஜனாஸா தொழுகை நடத்தி, முந்நூறு வருஷமாகத் தங்கள் ஆட்களுக்கு எடுத்துவந்த அதே வயல்கற்களை எடுத்துக் கல்லறைக்கு ஓரம் கட்டினார்கள்.

நேரில் போக நினைக்கிறவர்களுக்கு: பியாவிஸ்தோக்கிலிருந்து பேருந்து அரிது, கார்தான் வசதி. எல்லைப் பகுதி விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள், வழியில் காவலர்கள் நிறுத்துவார்கள். பள்ளிவாசலில் உள்ளூர்க்காரர் ஒருவர் நின்று விளக்கம் சொல்வார், அந்த உயிர் காத்த கதையையும் சொல்வார், பொறுமையாகக் கேளுங்கள். பிறகு மிசாருக்கு நடங்கள். பழைய கற்கள் மேட்டின் உட்பக்கம், பாசி படர்ந்து இருக்கும். மழை பெய்து ஓய்ந்த நேரமாக இருந்தால் எழுத்துக்கள் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.